அடுப்படிக் கேள்விகள்: கத்திரி வெயிலும் விறகும்

சித்திரை பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விறகைப் பற்றித்தான். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். ஐப்பசி அடைமழையில் உட்கார்ந்துகொண்டு "ஆச்சி, அடுப்பு புகைகிறது, என்ன செய்ய" என்று எழுதுகிறவர்களுக்கு என்னால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடிவதில்லை, ஏனென்றால் அதற்கான வேலையைப் பங்குனி, சித்திரை, வைகாசியில் செய்திருக்க வேண்டும். அதனால் இந்த இதழ் முழுக்க விறகுதான்.

புதுவயலிலிருந்து ஒரு வாசகர்: ஆச்சி, மகள் கல்யாணச் சமையலுக்காகச் சீமைக் கருவேல விறகு 1 டன் எடை போட்டு வாங்கினேன். இப்போதுதான் வெட்டிய பச்சை விறகு. "கருவேலம் பச்சையாகவே எரியும்" என்று கடைக்காரர் சொன்னார். பலகாரம் செய்ய வந்தவர்கள் கண்ணைத் திறக்க முடியாமல் பாதியில் எழுந்து போனார்கள். கல்யாணம் ஆவணியில். இந்த விறகை என்ன செய்வது?

ஆவணி வரை நாள் இருக்கிறதே, கவலைப்படாதீர்கள். முதலில் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று பார்ப்போம். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 1,000 கிலோவில் 400 கிலோ தண்ணீர், 600 கிலோதான் மரம். நன்றாகக் காய்ந்து ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கினால் அதே விறகு 750 கிலோ எடைதான் நிற்கும். ஆக 250 கிலோ தண்ணீரை விறகு விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். எடை போட்டு விற்கிறவர் பச்சையாக விற்கத்தான் பார்ப்பார், காய்ந்ததா என்று பார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

காசு போனதை விடப் பெரிய நஷ்டம் அடுப்பில்தான். 1 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோ கலோரி சூடு வேண்டும். அந்தச் சூடு உங்கள் இருப்புச் சட்டிக்குப் போக வேண்டியது. அது மட்டுமில்லை, நீராவி கிளம்பிக்கொண்டே இருப்பதால் நெருப்பின் வெக்கை குறைந்துவிடும், மரத்திலிருந்து வருகிற ஆவி எரியாமல் அப்படியே வெளியே போகும். அதுதான் கண்ணைக் கரிக்கிற புகை. ஊதாங்குழலை வைத்து எவ்வளவு ஊதினாலும் ஈரம் போகாது.

இப்போது செய்ய வேண்டியது. நீளக் கட்டையாக அடுக்கி வைத்தால் வருஷமானாலும் உள்ளே காயாது. மரத்தில் ஈரம் பக்கவாட்டில் வெளியேறுவதை விட வெட்டு முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். அதனால் எல்லாவற்றையும் ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்துவிடுங்கள், மணிக்கட்டை விடப் பருமனாக இருப்பதை எல்லாம் பிளந்துவிடுங்கள். பட்டையோடு உருண்டையாகக் கிடப்பது சட்டை போட்டுக்கொண்டு கிடப்பது மாதிரி, ஈரம் உள்ளேயே நிற்கும். தரையில் கல்லோ செங்கல்லோ போட்டு அரையடி உயர்த்தி, காற்று உள்ளே புகுந்து வெளியே வருகிற மாதிரி இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போதும், பக்கங்களைத் தார்ப்பாயால் மூடாதீர்கள், மூடினால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

ஒரு முக்கியமான விஷயம், வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கவே கூடாது. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் மழைக்குப் பயந்து பின்கட்டுச் சுவரோரம் அடுக்கினோம். கரையான் விறகைத் தின்றதோடு நிற்காமல் சுவர் வழியாக ஏறி நிலைக்கதவின் அடிச்சட்டத்துக்குப் போய்விட்டது. ஐயா காலத்துப் பர்மாத் தேக்கு. கையால் அமுக்கினால் உள்ளே தூளாக இருந்தது. அன்றிலிருந்து விறகு தோட்டத்தில்தான், சுவருக்கும் அதற்கும் குறைந்தது நாலடி. விறகு எடுக்கும்போதும் கையை நேராக உள்ளே விடாதீர்கள். ஒரு குச்சியால் தட்டிவிட்டு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள், தேளும் கட்டுவிரியனும் வெயிலுக்கு நிழல் தேடி அங்கேதான் வந்து படுத்திருக்கும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரம் இருந்தால் தொப்பென்று அடங்கிவிடும். வெட்டு முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை நகத்துக்கே பெயர்ந்து வரும். இதைவிட நிச்சயமான வழி தராசு. அடுக்கின் நடுவிலிருந்து நாலு கட்டைக்குச் சாக்பீஸால் அடையாளம் போட்டு வாரம் ஒரு தடவை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் விறகு தயார்.

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி: என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர், 63 வயது. தோட்டத்தில் விழுந்த வேப்ப மரத்தைத் தானே பிளக்கிறேன் என்று காலை 10 மணிக்கு மேல்தான் கோடாலியை எடுக்கிறார். "வெயிலில்தான் மரம் நன்றாகப் பிளக்கும்" என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: வெயில் விறகுக்கு, நிழல் வெட்டுகிறவருக்கு. அக்னி நட்சத்திர நாட்களில் விடிவதற்கு முன் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறபோதே தொடங்கி 8 மணிக்குள் கோடாலியைக் கீழே வைத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் நாளைக்கு. அந்த மரம் எங்கேயும் ஓடிப்போகாது. பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே உடல் உழைப்பே வேண்டாம் என்று அரசாங்கமே ஒவ்வொரு கோடைக்கும் சொல்கிறது.

தொடங்குவதற்கு முன்பே ஒரு செம்பு நீராகாரம் உப்புப் போட்டுக் குடிக்கட்டும், அப்புறம் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீர் அல்லது நீர்மோர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகத்தான் தெரியும். நிறைய வியர்த்துவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு தலைதட்டிப் போட்டுக் கலக்கிக் கொடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இந்த உப்பு விஷயத்தையும் வெயிலில் வேலை செய்வதையும் டாக்டரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், சில மாத்திரைகள் உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் பேச்சை. தலை சுற்றுகிறது, கால் இழுக்கிறது என்றால் நிழலுக்கு அழைத்துவந்து தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வருகிற வரை சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து: விறகு பிளக்கும்போது கோடாலித் தலை கழன்று பறந்துவிட்டது. நல்லவேளை யாரும் எதிரில் இல்லை. முதல் நாள் இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுத்தானே எடுத்தேன்?

ஊறப்போட்டதுதான் வினை. இந்த வெயில் காய்ச்சலில் காம்பு சுருங்கித் தலை ஆடும், உடனே எல்லாரும் வாளியில் போடுவார்கள். மரம் தண்ணீர் குடித்து உப்பும்போது சுற்றிலும் இரும்பு, எங்கே போய் உப்பும்? தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். இரண்டு நாளில் காய்ந்ததும் முன்பு இருந்ததை விடச் சின்னதாகிவிடும்.

என் அப்பச்சி செய்வது இதுதான். கோடாலியைத் தலை கீழே தொங்குகிற மாதிரி ஒரு கையில் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, காம்பின் மேல் நுனியில் கட்டைச் சுத்தியால் நாலு போடு போடுவார். பார்க்கிறவர்களுக்குத் தலை கீழே விழுந்துவிடும் போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தலை காம்பில் மேலேறி இறுகிக்கொண்டே வரும். அப்புறம் காம்பின் தலைப்பக்க வெட்டில் காய்ந்த மர ஆப்பு ஒன்றை அடித்து, மிஞ்சியதை அறுத்துவிட்டு, அந்த முனையில் ஆளிவிதை எண்ணெய் ஊறுகிற வரை தடவுவார். காம்புக்கு நாட்டுக் கருவேலம்தான் போடுவார், அதிர்வு கையைக் கடிக்காது. ஒவ்வொரு நாளும் முதல் வெட்டுக்கு முன் தலை ஆடுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

கொத்தமங்கலத்திலிருந்து: சீமைக் கருவேலப் புகை விஷம், அதில் சமைக்கக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? எந்த மரம் நல்லது, எந்த மரம் ஆகாது?

சீமைக் கருவேலத்தால் நம் நிலத்துக்கும் ஊருணிக்கும் வந்த கெடுதல் தனிக் கதை, அதை வேரோடு எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வெட்டிய மரத்தைக் காயவைத்து எரிப்பதற்கு அது நல்ல விறகு. சிவகங்கை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் கரிமூட்டம் போடுவதெல்லாம் அதில்தான். கனமான மரம், நின்று எரியும், கங்கு வெகுநேரம் தாங்கும். புகை என்றால் எந்த மரத்துப் புகையும் நுரையீரலுக்குக் கெடுதல்தான், அதில் கருவேலம் மட்டும் தனியாக இல்லை. பயப்பட வேண்டியது அதன் முள்ளுக்கு. ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், முனை உள்ளே ஒடிந்தால் வீங்கிச் சீழ் வைக்கும். கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் கழிக்க வேண்டும், குத்திவிட்டால் டி.டி. ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசிக்க வேண்டும்.

மற்றபடி சவுக்குக்கு இணையான விறகு எனக்குத் தெரிந்து இல்லை, கொஞ்சம் ஈரமிருந்தாலும் பிடித்துக்கொள்ளும். புளியங்கட்டை காய்ந்தால் இரும்பு, பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். தைலமரமும் அப்படித்தான், காய்ந்தபின் நார் முறுக்கிக்கொண்டு கோடாலியைக் கவ்விக்கொள்ளும். முருங்கை விறகே இல்லை, அதை எரிப்பதும் வெறும் காகிதத்தை எரிப்பதும் ஒன்று. தென்னம்பாளையும் சிரட்டையும் பற்றவைக்க நன்றாக இருக்கும். அரளியை மட்டும் சுள்ளிக்குக்கூட அடுப்பில் வைக்காதீர்கள், காய்ந்த பிறகும் அதன் விஷம் போகாது. முந்திரிக்கொட்டை ஓடும் வேண்டாம், அதன் எண்ணெய் தோலைப் பொசுக்கும், புகையும் கண்ணையும் முகத்தையும் படுத்தும்.

கானாடுகாத்தானிலிருந்து: எங்கள் பங்காளி வீட்டை இடிக்கிறார்கள். உடைந்த ஜன்னல் சட்டம், பலகை எல்லாம் மலையாகக் கிடக்கிறது. நூறு வருஷம் காய்ந்த மரம்தானே, விறகாக எடுத்துக்கொள்ளலாமா?

நூறு வருஷம் காய்ந்ததுதான், ஆனால் அதன் மேல் எத்தனை பூச்சு பெயிண்ட் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பெயிண்டுகளில் ஈயம் உண்டு. எரித்தால் அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும், அந்தச் சாம்பலைக் கொண்டு பாத்திரம் விளக்கினால் கைக்கும் வரும். சமையல் அடுப்பில் பெயிண்ட், வார்னிஷ், பிளைவுட் எதுவும் கூடாது. பூச்சு இல்லாத தேக்குத் துண்டாக இருந்தால் தயவுசெய்து எரிக்காதீர்கள். ஒரு சாண் துண்டு என்றாலும் காரைக்குடியில் பழைய மரச்சாமான் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டுக் கதவுக்கு என்றைக்காவது ஒட்டுப் போட உதவும். கப்பலில் வந்த மரத்தில் வெந்நீர் போடுவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

காரைக்குடியிலிருந்து: கேஸ் அடுப்பில் வெள்ளைப் பணியாரம் வெள்ளையாக வருகிறது. விறகடுப்பில் செய்தால் சிவந்துவிடுகிறது. அப்பத்தா விறகடுப்பில்தான் செய்தார்கள், பூப்போல இருக்கும்.

மாவு அளவு சரிதானே? பச்சரிசி ஒரு டம்ளர் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டையும் சேர்த்து 2 மணி நேரம் ஊறவைத்து அரைத்து, புளிக்கவிடாமல் உடனே சுட வேண்டும். அதில் தவறில்லை என்றால் தீயில்தான் தவறு.

பணியாரத்துக்குத் தழல் வேண்டாம், கங்கு வேண்டும். சமையல் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே பருமனான இரண்டு கட்டைகளை எரியவிட்டுக் கங்காக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் அந்தக் கங்கில் காயட்டும். ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். விட்டதும் சொய்யென்று மேலே வந்தால் சூடு அதிகம். அடியில் போய் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் மெல்ல மிதந்து வந்தால் சரி. ஒரு சின்னக் கரண்டி மாவு, ஒரு நேரத்தில் ஒரு பணியாரம். ஊற்றியதும் ஓரம் மொறுமொறுவென்று சுருங்கி நடு உப்பும், திருப்பிப் போட்டு இரண்டு மூச்சு விடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். சூடு இறங்குகிறதென்று தோன்றினால் விரல் பருமனில் ஒரே ஒரு சுள்ளியைச் செருகுங்கள், ஏறுகிறதென்றால் அதே சுள்ளியை வெளியே இழுத்துவிடுங்கள். கேஸ் அடுப்பின் திருகு மாதிரி அந்தச் சுள்ளி. இது காய்ந்த சுள்ளியில் மட்டும்தான் நடக்கும், ஈரச் சுள்ளி பத்து நிமிஷம் புகைந்துவிட்டு, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் குப்பென்று எரியும், அதோடு பணியாரம் சிவந்துவிடும். உங்கள் அப்பத்தா பக்கத்தில் கொடியடுப்பும் வைத்திருப்பார்கள், பெரிய அடுப்பில் தழல் மிஞ்சினால் அந்தப் பக்கம் திருப்பிவிட்டுப் பாலைச் சுண்டவைப்பார்கள். இடம் இருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டையூரிலிருந்து ஒரு இளைஞர்: ஆச்சி, தோட்டத்தில் செங்கல்லில் குமிழ் மாதிரி ரொட்டி அடுப்பு கட்டியிருக்கிறேன். ரொட்டி மேலே கருகிவிடுகிறது, அடியில் மாவாகவே இருக்கிறது. உள்பூச்சும் உதிர்ந்து ரொட்டி மேல் விழுகிறது. இவ்வளவு விறகு போட்டும் ஏன் இப்படி?

தம்பி, சபாஷ், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் மகனும் கட்டிய முதல் அடுப்பில் இதே இரண்டு தப்பையும் செய்தோம்.

உள்பூச்சு உதிர்வது சிமெண்டால். அந்தச் சூட்டுக்குச் சிமெண்ட் தாங்காது, சுண்ணாம்புத் தூளாகப் போய்விடும். சுரண்டி எடுத்துவிட்டு, செம்மண்ணும் மணலும் குழைத்த சேற்றால் இடுக்குகளை மட்டும் அடையுங்கள். அதன்பின் ஒரு வாரம் தினமும் சின்னத் தீ மட்டும் போடுங்கள், முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஈரச் சேற்றில் பெருந்தீ போட்டால் நீராவி வெளியேற வழியில்லாமல் வெடிப்பு விட்டுவிடும்.

அடி வேகாததற்கு வருவோம். நீங்கள் தீயைப் பின்பக்கம் ஒதுக்கி எரித்திருப்பீர்கள். தழல் மேலே ஏறிக் கூரையைச் சுடவைக்கும், தரை ஏமாந்துபோகும். அதோடு தரைச் செங்கல்லை நேரே மண் மேலோ கான்கிரீட் மேலோ பதித்திருந்தால் கொடுத்த சூடெல்லாம் பூமிக்குள் இறங்கிவிடும். நாங்கள் தரையைப் பெயர்த்து, கீழே நாலு விரல் கனத்துக்கு உமிச்சாம்பல் போட்டு இறுக்கி அதன் மேல் செங்கல்லைப் பதித்தோம். அரிசி மில்லில் கேட்டால் மூட்டையாகத் தருவார்கள், சூட்டைக் கீழே விடாது.

தீ போடுகிற விதம் இப்படி. காய்ந்த விறகால் நடுத் தரையிலேயே இரண்டு, இரண்டரை மணி நேரம் எரியுங்கள். முதலில் உள்கூரை முழுக்கக் கருப்பாகும். எரிய எரிய அந்தக் கரியே எரிந்து, உச்சியிலிருந்து வெள்ளை வட்டம் ஒன்று விரிந்துகொண்டே கீழே இறங்கும். செங்கல் தன் நிறத்துக்குத் திரும்பிவிட்டால் கூரை தயார். அதைப் பார்த்ததும் கங்கைத் தரை முழுக்கப் பரப்பி அரை மணி நேரம் விடுங்கள், தரை குடிக்கிற நேரம் அது. அப்புறம் எல்லாவற்றையும் வழித்து வெளியே எடுத்து, கம்பில் ஈரச் சாக்கைக் கட்டித் தரையைத் துடைத்து, கதவைச் சாத்தி முக்கால் மணி நேரம் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் பிள்ளைகளுக்கு வராது. அந்த நேரத்தில்தான் கூரையும் தரையும் ஒரே சூட்டுக்கு வரும், இல்லையென்றால் மேலே கருகி அடியில் பச்சை என்கிற உங்கள் கதைதான்.

பார்ப்பதற்கு ஒரு கைப்பிடி மைதாவைத் தரையில் தூவுங்கள். விழுந்ததும் கருகினால் இன்னும் கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வையுங்கள். அரை நிமிஷத்தில் நிதானமாகப் பழுப்பானால் ரொட்டியை உள்ளே தள்ளலாம். வாசல் உயரமும் அளந்து பாருங்கள், உள் உச்சியின் உயரம் 100 என்றால் வாசல் 63 அளவில் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் சூடு வெளியே வழியும், ரொம்பத் தாழ்ந்தால் புகை உள்ளேயே சுழலும்.

ஒரு தடவை சூடேற்றிய அடுப்பை ஒரு ரொட்டியோடு விட்டுவிடாதீர்கள். சூடு இறங்க இறங்க வேலை இருக்கிறது. முதல் சூட்டில் மெல்லிய ரொட்டி, அடுத்து மசாலா தடவிய கோழி, அப்புறம் பன், அதற்கும் அப்புறம் பிஸ்கட். ராத்திரி, கையை உள்ளே நீட்டி 20 எண்ணுகிற வரை தாங்க முடிகிறதென்றால், அடுத்த தடவைக்கான விறகை உள்ளே அடுக்கிக் கதவை லேசாகத் திறந்து வைத்துவிடுங்கள். காலையில் எடுத்துத் தட்டிப் பாருங்கள், மணி மாதிரி கேட்கும். கங்கு ஒன்றுகூட உள்ளே மிச்சமில்லை என்று விளக்கடித்துப் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

கண்டனூரிலிருந்து: அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடலாமா?

போடலாம், அதில் பொட்டாஷ் என்கிற சாம்பல் சத்து இருக்கிறது. வாழைக்கும் கத்திரிக்கும் ஒரு கைப்பிடி, மாதம் ஒரு தடவை போதும். நம் பக்கத்து மண்ணில் ஏற்கெனவே உவர் இருந்தால் போடவே வேண்டாம், சாம்பலும் காரம். அடுப்பிலிருந்து அள்ளியதும் பிளாஸ்டிக் வாளியிலோ விறகடுக்குப் பக்கத்திலோ கொட்டாதீர்கள். மேலே ஆறிப்போன மாதிரி இருக்கும், உள்ளே கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு இரண்டு நாள் கழித்துச் செடிக்குக் கொண்டுபோங்கள்.